நாமும் நாங்களும்: சிங்கப்பூரின் இரு பத்திரிகையாளர்களும் இனம் பற்றிய எழுத்தும்

மார்சிலிங் வட்டாரத்தில் காலை ஏழரை மணியளவில் நடந்து செல்வோர், பள்ளி வேலிக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் தேசிய உறுதிமொழி கூறுவதைக் கேட்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒலிக்கும் அவ்வுறுதிமொழிக்கு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் வடிவங்கள் உள்ளன. நான்கும் ஒன்றையே கூறுகின்றன என்று நாம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். கூர்ந்து வாசித்தால் அவ்வாறு இல்லை. ஆங்கில வடிவம், இனம், மொழி, மதம் ஆகியவற்றைப் பாராமல் ஒன்றுபடுவதைப் பேசுகிறது. மலாய் வடிவமும் அவற்றைக் கணக்கிற் கொள்ளாமை என்னும் பொருளையே தருகிறது. தமிழ் வடிவமோ அவ்வேற்றுமைகளை 'மறந்து' ஒன்றுபடச் சொல்கிறது. பாராமலிருத்தல் வேறு, மறத்தல் வேறு. ஒன்று பார்ப்பவரின் கடமை. மற்றொன்று, பார்க்கப்படுபவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது.

தமிழாக்கத்தில் நேர்ந்த நெகிழ்வு இது என்று கருதி இதனைக் கடந்துவிட முடியாது. 1966ஆம் ஆண்டு பிப்ரவரியில் எஸ். இராஜரத்தினம் எழுதிய வரைவில் இருந்த வினை 'மறத்தல்' என்பதேயாகும். வேற்றுமைகளை மறந்து ஒரே மக்களாவோம் என்றே அவர் எழுதினார். பிரதமர் லீ குவான் யூ அவ்வரைவைத் திருத்தியபோது அச்சொல் நீங்கி, 'பாராமல்' எனப் பொருள்படும் தொடர் வந்தமர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பள்ளிகளில் உறுதிமொழி ஒலிக்கத் தொடங்கியது. ஆங்கிலத்தில் இராஜரத்தினம் இழந்த சொல்லைத் தமிழ் வடிவம் தாங்கி நிற்கிறது. தம் எழுத்து வாழ்வு முழுவதையும் ஆங்கிலத்திலேயே நடத்திய ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் முதற் கருத்து, அவர் எழுதாத தாய்மொழியில் தங்கிவிட்டது!

இன்னொரு வேறுபாடும் உண்டு. உறுதிமொழியின் தமிழ் வடிவம் 'குடிமக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. மலாய் வடிவம் 'காமி' என்று தொடங்குகிறது. மலாயிலும் தமிழைப் போலவே தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் உளப்படுத்துவது 'கீத்தா'. அவரை விலக்கி நிற்பது 'காமி'. தமிழில் முறையே 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்திற்கு இந்த வசதி இல்லை. இந்த இக்கட்டும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர் தம் 'நாம்' யாரையெல்லாம் அணைக்கிறது என்பதைச் சொல்லாமலே பக்கம் பக்கமாக எழுதிச் செல்ல முடியும். தமிழில் எழுதுபவர் முதல் வாக்கியத்திலேயே தேர்ந்தாக வேண்டும்.

இனம், அடையாளம், அரசியல் ஆகியவை குறித்துச் சிங்கப்பூரில் எழுதிய இரு பத்திரிகையாளர்களை இந்த இலக்கணக் கண்கொண்டு வாசிக்க முயல்கிறோம். ஒருவர் தமிழில் எழுதிய கோ. சாரங்கபாணி, மற்றவர் ஆங்கிலத்தில் எழுதிய இராஜரத்தினம். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதிய இவ்விருவரையும் எதிரெதிர் முனைகளில் நிறுத்துவதே வழக்கமாகிவிட்டது. முன்னவர் இன உணர்வாளர், பின்னவர் இனங் கடந்தவர் என்பது அவ்வழக்கின் சுருக்கம். அது பிழையென்றே நாம் கருதுகிறோம். அப்பிழையில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பெரும் பங்குண்டு.

வாசிக்கப்பட்டவரும் வணங்கப்பட்டவரும்

இராஜரத்தினத்தின் பேச்சும் எழுத்தும் சான் ஹெங் சீ, ஒபைத் உல் ஹக் ஆகியோரால் தொகுக்கப்பெற்று 1987இல் நூலாயின. ஐரீன் இங் எழுதிய வரலாறு 2010இல் ஒரு தொகுதியாகவும் 2024இல் மற்றொரு தொகுதியாகவும் வெளிவந்தது. ஐரீன் இங் தாமும் பத்திரிகையாளராக இருந்தவர் என்பதால், இராஜரத்தினத்தின் பத்தி எழுத்தை ஓர் அரசியல் சிந்தனையின் பட்டறையாகவே கண்டு எழுதியிருக்கிறார். சாரங்கபாணியை நாம் 'தமிழவேள்' என்று போற்றுகிறோம். அவர் பெயரால் விழா எடுக்கிறோம், உரையாற்றுகிறோம், மாணவர்களைப் பேச வைக்கிறோம். அவருடைய தலையங்கம் ஒன்றைக் கரும்பலகைக்கு அருகே வைத்து, இந்த வாதம் நிற்கிறதா, இங்கே ஏன் இந்தச் சொல், இதனை யாரை நோக்கி எழுதினார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. ஒருவர் வாசிக்கப்பட்டார், மற்றவர் வணங்கப்பட்டார். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்வழித் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்ட இயலும் இக்காலத்தில், இதற்கு வாய்ப்பின்மையைக் காரணமாகக் காட்ட இயலாது.

சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூர் வந்தவர். அவர் தொடர்பு கொண்ட இதழ்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே ஒரு வாசிப்பாகும். 1929இல் தோன்றிய 'முன்னேற்றம்' என்னும் பெயரில் எந்த இனமும் இல்லை; சுயமரியாதை இயக்கத்தின் சூடு மட்டும் உண்டு. பெரியார் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் முதன்முறை வந்த ஆண்டு அது. 1935 ஜூலை 6இல், 1932இல் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் ஒரு காசு விலையில் வெளிவந்த இதழ் 'தமிழ் முரசு' ஆயிற்று. போருக்குப் பின், 1946இல், அவரே தொடங்கிய ஆங்கில நாளிதழின் பெயர் 'இந்தியன் டெய்லி மெயில்'. தம் மக்களோடு பேசும்போது தமிழர்; ஆட்சியாளரோடும் பிற இனத்தாரோடும் பேசும்போது இந்தியர். ஒரே மனிதரின் மேசையிலிருந்து இரு பெயர்கள் வெளிவந்தன. இதனை முரண் என்று கொள்வதைவிட, தமிழ் இதழில் 'நாம்' என்றும் ஆங்கில இதழில் 'நாங்கள்' என்றும் எழுதியதாகக் கொள்வதே பொருந்தும்.

பெயரில் மொழியையோ இனத்தையோ ஏற்றுவது சிங்கப்பூர்த் தமிழ் இதழியலின் தொடக்கத்திலிருந்தே வந்த மரபன்று என்பதையும் ஈண்டுச் சுட்டலாம். 1887இல் மகதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம் பெரியவர் நடத்தத் தொடங்கிய வார இதழ் 'சிங்கை நேசன்' எனப்பட்டது. நகரின் மீதான நேயமே அதன் பெயர். அப்பெயரிலிருந்து 'தமிழ் முரசு' என்னும் பெயருக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் தோட்டத்திற்கும் துறைமுகத்திற்கும் வந்து சேர்ந்த ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் சாதியாலும் ஊராலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்தனர். அவர்களுக்கு 'நாம்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் தேவைப்பட்டது. சாரங்கபாணி செய்த முதற்பணி, தமிழர் என்று ஏற்கெனவே திரண்டிருந்தவர்களுக்காக வாதாடியது அன்று. அவ்வாறு திரண்டிராதவர்களைத் திரட்டியது. இலண்டனில் 1958இல் கிளாடியா ஜோன்ஸ் தொடங்கிய 'வெஸ்ட் இந்தியன் கெசட்' இதழை இங்கு நினைக்கலாம். ஜமைக்காவினர், டிரினிடாடினர் என்று தீவு தீவாக வந்திறங்கியவர்களை ஒரே பெயரால் அழைத்த இதழ் அது. சிறுபான்மையினரின் செய்தித்தாள் சமூகத்தின் கண்ணாடி என்பர். சில வேளைகளில் அது கொல்லன் உலையாகவும் இருக்கிறது.

1951இல் தமிழர் பிரதிநிதித்துவ சபையும் 1952 முதல் தமிழர் திருநாளும் அமைந்ததை இவ்வகையிலேயே வாசிக்க வேண்டும். பொங்கலைச் சமயச் சடங்கிலிருந்து பெயர்த்தெடுத்து, இந்துத் தமிழரும் முஸ்லிம் தமிழரும் கிறித்துவத் தமிழரும் ஒரே மேடையில் நிற்கத்தக்க நாளாக்கியது, 'நாம்' என்னும் சொல்லின் எல்லையை அகலப்படுத்திய செயல். அவ்வெல்லைக்கு வெளியே யார் நின்றனர் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். மலையாளியும் தெலுங்கரும் சீக்கியரும் அரசின் ஏட்டில் அவருடன் ஒரே கட்டத்தில் இருந்தவர்கள். திருநாள் மேடையில் அவர்கள் விருந்தினர். சாரங்கபாணியைப் போற்றும் கட்டுரைகள் இவ்விடத்தில் அமைதி காக்கின்றன.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் அமைந்த வரலாறு இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதன்று. சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் கருத்து எழுந்தபோது, தமிழே அத்துறையின் மொழியாக வேண்டும் என்று தமிழ் முரசு வாதாடியதும், 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டியதும் நாம் அடிக்கடி எடுத்துரைப்பவை. எடுத்துரைக்கும்போது நாம் கவனிக்கத் தவறுவது அந்நிதியின் பெயரை. 'தமிழ் நம் உயிர்' என்று இல்லை. 'எங்கள் உயிர்' என்று இருக்கிறது. தமிழரைத் திரட்டும்போது 'நாம்' என்றவர்கள், பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்று உரிமை கேட்கும்போது 'எங்கள்' என்றனர். எதிரே இருப்பவர் தமிழரல்லாதவர் என்பதை அந்தச் சொல் அறிந்திருக்கிறது. கோரிக்கையின் இலக்கணம் அதுவே.

அதே ஆண்டுகளில்தான் அவர் இன்னொரு திசையிலும் எழுதினார். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்திலேயே வாழ்ந்த தமிழரைப் பதிவு செய்துகொள்ளுமாறு தமிழ் முரசு இடைவிடாது வற்புறுத்தியது. இன உணர்வாளர் என்று நாம் பெயரிட்ட ஒருவர், பிறந்த மண்ணின் மீதான அரசியல் பற்றை விட்டுவிடச் சொன்னார். தமிழராகத் திரண்டு, பின்னர் சிங்கப்பூரராக நுழைய வேண்டும் என்பதே அவர் கண்ட வரிசை முறை.

பாராமையும் மறதியும்

இராஜரத்தினம் கண்ட வரிசை வேறு. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து சிரம்பானில் வளர்ந்து, 1935இல் சட்டம் படிக்க இலண்டன் சென்றவர். போர்க்காலத்தில் வீட்டிலிருந்து பணம் வராமற்போகவே எழுத்தை நம்பி வாழ்ந்தவர். மலாயா திரும்பியபின் 'மலாயா டிரிபியூன்', 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்', 'ஸ்டிரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆகிய இதழ்களில் பணியாற்றினார். தம் விருப்பம்போல் எழுதுவதாகவே தலைப்பிட்டுக்கொண்ட அவருடைய பத்தி, குடியேற்ற ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அந்நகரின் மிகத் துணிவான குரல்களுள் ஒன்று. 1957இல் மலாயா வானொலியில் ஆறு பகுதிகளாக ஒலிபரப்பான அவருடைய நாடகம், மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரு நாட்டினமாக முடியுமா என்னும் வினாவைப் பல குரல்களின் விவாதமாக அமைத்தது. (மகதூம் சாயபு 1888இல் சிங்கை நேசனில் எழுதிய புனைவுக்கும் 'விநோத சம்பாஷணை' என்றே பெயர். இந்நகரின் எழுத்து உரையாடலை விரும்பி நாடுவதற்கு இடத்தின் இயல்பும் ஒரு காரணமாகலாம்.)

அவர் கருத்து தெளிவானது. வந்த வழியை வைத்து ஒரு நாட்டினம் அமையாது; போகும் வழியை வைத்தே அமையும். சிங்கப்பூரராக இருப்பது வம்சாவளியைப் பொறுத்ததன்று, உறுதிப்பாட்டையும் தேர்வையும் பொறுத்தது என்று பிற்காலத்தில், 1990இலும் அவர் வலியுறுத்தினார். அக்காலத்தை ஒட்டி இன அடிப்படையில் சுயஉதவி அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இந்தியர்க்கான 'சிண்டா' 1991இல் அமைந்தது. 1989இல் வீவக வீடுகளுக்கு இன ஒதுக்கீட்டு விகிதம் வந்தது. மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டை விற்க முனைபவர், வாங்க வருபவரின் இனத்தை முதலில் விசாரிக்க நேர்வது அதன் விளைவு. மறக்கச் சொன்னவரின் நாட்டில் இனம் ஒவ்வொரு படிவத்திலும் நினைவூட்டப்படுகிறது. இனச் சேரிகள் உருவாகாமல் தடுத்த கொள்கை அது என்பதை நாம் மறுக்கவில்லை. மார்சிலிங் ரைஸில் ஸ்ரீ சிவ-கிருஷ்ணா ஆலயமும் அட்மிரல்ட்டி சாலையில் அன்னூர் பள்ளிவாசலும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதும், அவற்றிற்கு இடையே எல்லா இனத்தாரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவதும் நாம் நாள்தோறும் காணும் காட்சி.

நம் குறை வேறிடத்தில் உள்ளது. இராஜரத்தினத்தின் 'மறத்தல்' எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்கப்படுவதுபோல் ஒலிக்கிறது. அதன் சுமை ஒரே அளவினதன்று. பெரும்பான்மையினர் தம் இனத்தை மறந்தாலும் தெருவும் கடைப்பலகையும் அவர்களுக்காக அதனை நினைவில் வைத்திருக்கும். சிறுபான்மையினர் மறந்தால் நினைவில் வைத்திருக்க வேறு எவருமில்லை. ஆங்கிலத்தில் எழுதியதால் அவருடைய 'நாம்' இவ்வேறுபாட்டைக் காட்ட வேண்டிய கட்டாயத்திற்கு உள்ளாகவில்லை. அவர் தமிழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தாலும், 'நாம் மறப்போம்' என்று எழுதுவதா 'நாங்கள் மறக்கிறோம்' என்று எழுதுவதா என்னும் வினா எழுந்திருக்கும்.

இருவரின் இல்லங்களையும் நாம் அடிக்குறிப்பாகவே கண்டு வந்திருக்கிறோம். இராஜரத்தினத்தின் துணைவியார் ஹங்கேரியர். சாரங்கபாணியின் துணைவியார் பெரனாக்கான் சீனர். 'தமிழ்' என்று தலைப்பிட்ட ஏட்டை அன்றாடம் நடத்தியவரின் வீட்டில் இனக்கோடு எப்போதோ அழிந்திருந்தது. அவர் வீட்டில் அழித்ததை ஏட்டில் வரைந்தார் என்று நையாண்டி செய்வது எளிது. அவர் வரைந்தது பிறப்பின் கோடு அன்று, மொழியின் கோடு என்று கொள்வதே அவருக்கு நியாயம் செய்வதாகும்.

சொல் இல்லாத இடம்

இங்கே 'இனம்' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும். திராவிட இயக்க எழுத்தில் இனம் என்றால் தமிழினம் அல்லது திராவிட இனம். சிங்கப்பூரின் அரசு வழக்கில் இனம் என்றால் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்னும் நான்கு பிரிவு. அங்கே தமிழ் ஓர் இனமன்று. இந்தியர் என்னும் இனத்திற்குரிய அதிகாரத்துவ மொழி. சாரங்கபாணியின் ஏட்டில் முதற்பொருளில் வந்த சொல்லை இன்றைய மாணவர் இரண்டாம் பொருளில் வாசிக்கிறார். பாரதி காலத்தில் 'சாதி' என்னும் சொல்லே நாட்டினம் என்ற பொருளையும் சுமந்தது. மலாய் மொழியின் 'பங்சா' இன்றும் இனத்தையும் நாட்டினத்தையும் ஒருங்கே சுமக்கிறது. இவற்றைப் பிரித்துக் காட்டாமல் சாரங்கபாணியை 'இனப்பற்றாளர்' என்று அறிமுகம் செய்யும்போது, நாம் அவரை அவர் எழுதாத ஒன்றுக்குப் பொறுப்பாக்குகிறோம்.

சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 2019 ஜூலையில் மின்கட்டண விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கிக்கொண்டு இந்தியராகவும், தலைத்துணி அணிந்து மலாய்ப் பெண்ணாகவும் தோன்றினார். பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதற்குக் கடுஞ்சொல் கலந்த பாட்டொளியால் மறுமொழி கூறிக் காவல்துறையின் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை பெற்றனர். அதைத் தொடர்ந்து இளைய தலைமுறையினர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள் பல, தம்மைப் 'பழுப்பர்' எனப் பொருள்படும் அமெரிக்கச் சொல்லால் அழைத்துக்கொண்டன. 2022இல் அச்சொல்லையே தலைப்பில் கொண்ட கட்டுரைத் தொகுதி ஒன்றும் வந்தது. அந்தச் சொல்லைத் தமிழாக்க முயன்று நாம் தோற்றோம். பழுப்பு நமக்கு இலைக்கும் பழைய தாளுக்கும் உரியது. தோலுக்குரிய சொல் மாநிறம். அதற்கு மணமகள் தேடும் விளம்பரத்தின் வாடை உண்டு. 'நிறமுடையோர்' என்று மொழிபெயர்த்தால் அதனினும் வேடிக்கை. நம் பேச்சுவழக்கில் 'பெண் நல்ல கலர்' என்றால் சிவந்த நிறத்தவள் என்று பொருள்! உலகம் முழுவதும் வெள்ளையரல்லாதாரைக் குறிக்கும் தொடர், தமிழ் வீட்டில் வெளுத்தவரைக் குறிக்கிறது. பிறர் நம் நிறத்தை எள்ளியபோது கொதித்தெழுந்த நாம், நம் வீட்டுத் திண்ணையில் வழங்கும் இச்சொல்லை இதுவரை விசாரிக்கவில்லை.

அந்த இளைய எழுத்தாளர்கள் தமக்கு முன்னோரை அமெரிக்காவில் தேடுகின்றனர். தம் நகரிலேயே 1935 முதல் ஒருவர் இதே வினாக்களோடு மல்லுக்கட்டினார் என்பதை அறிய அவர்களுக்கு வழி இல்லை. அவர்களுட் பலர் நம் வகுப்பில் தமிழ் பயின்றவர்கள்தாம். சாரங்கபாணியை அவர்களுக்கு நாம் படமாகக் காட்டினோம், எழுத்தாகக் காட்டவில்லை.

2013 டிசம்பர் 8 இரவையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத்துத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தபின் ஏறத்தாழ 300 பேர் ஈடுபட்ட கலவரம் மூண்டது. மறுநாட் காலையில் நம் ஆசிரியர் அறைகளிலும் மார்சிலிங் காப்பிக்கடைகளிலும் தமிழில் எழுந்த முதல் வாக்கியம், 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்பதாக இருந்தது. பிற இனத்தார் கேட்கும்படி அதைச் சொன்னோம். அச்சத்தில் பிறந்த வாக்கியம்தான். ஆயினும் 1930களில் கூலி வரிசைக் குடியிருப்புகளுக்குச் சென்று தமிழ் முரசு அழித்த கோட்டை, அந்த வாக்கியம் ஒரே மூச்சில் மீண்டும் வரைந்தது. தொழிலாளரோடு பேசியபோது 'நாம்' என்றவரின் வாரிசுகள், அத்தொழிலாளரைக் காட்டி 'நாங்கள்' என்று விலகினோம்.

சாரங்கபாணி 1974 மார்ச்சில் ஜொகூர் பாருவில் காலமானார். மார்சிலிங்கின் உயரமான புளோக்குகளின் தாழ்வாரத்திலிருந்து நோக்கினால், நீரிணைக்கு அப்பால் அந்நகரின் கட்டடங்கள் தெரிகின்றன. அத்தகைய புளோக் ஒன்றின் வீட்டில் வார இறுதியில் உயர்நிலை மாணவர் சிலருக்கு நாம் தமிழ் கற்பித்து வந்தோம். 2019இல் அவ்விளம்பரம் பற்றி ஒரு பத்தியை ஆங்கிலத்தில் நாமே எழுதித் தமிழாக்கத்திற்குக் கொடுத்தோம். அதன் இறுதி வாக்கியம், 'அன்று சிரிக்கவில்லை' என்னும் பொருளுடையது. எழுவாய் ஆங்கிலத்துத் தன்மைப் பன்மை. ஒரு மாணவி 'நாங்கள்' என்று எழுதினார். அருகிலிருந்த சீனத் தோழியை நினைத்தோ என்னவோ, அதை அடித்து 'நாம்' என்று எழுதினார். பிறகு அதையும் அடித்தார். "எது சரி, ஐயா?" என்று கேட்டார். இரண்டும் இலக்கணப்படி சரியே என்றோம். அது தாம் கேட்ட வினாவுக்கு விடையன்று என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இரு அடித்தல்களோடும் வெற்றிடத்தோடும் அந்தத் தாளைத் திருத்துவதற்கு வாங்கிக்கொண்டோம்.